இணையத்தில் இருக்குந் தமிழும் இல்லாத தமிழாசிரியரும்

(தமிழாசிரியர் கூடலொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியை உள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு. தமிழாசிரியர் நீரைப் பற்றிய பாடம் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கின்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுகின்றான். “ஐயா, நீர் என்பது வடசொல் என்று கைப்பேசியில் போட்டிருக்கிறதே, மெய்தானா?” என்று கேட்கின்றான். ஆசிரியர்க்கு உள்ளம் துணுக்குறுகின்றது. நூலகப் பேழை பூட்டிக் கிடக்கின்றது. திறந்தாலும் உள்ளே சொல்லாராய்ச்சி நூல் ஒன்றும் இல்லை. “அதெல்லாம் பொய் தம்பி, உட்கார்” என்கின்றார். மாணவனும் உட்கார்ந்து விடுகின்றான்.

உட்கார்ந்தவன் நம்பினானா என்பதே கேள்வி. ஆசிரியர் சொன்னது மெய்; ஆயினும் அவர் சான்று காட்டவில்லை. கைப்பேசி சொன்னது பொய். ஆயினும் அது கண்ணெதிரே எழுத்தாய் நின்றது. இவ்விரண்டினுள் எதனை அப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு செல்வான்? தமிழைக் காக்கப் புறப்பட்டோர் மேடைதோறும் முழங்கியதனைத்தும் ஒரு பதினான்கு அகவைச் சிறுவன் முன் விடையற்று நிற்குமாயின், அதனினும் பெரிய தோல்வி யாதுளது?

அந்த ஆசிரியர் அன்று மாலையே அவனுக்குச் சான்றோடு விடை கூறியிருக்கலாம். அதற்குரிய நூல்கள் அதே கைப்பேசியில், விலையின்றி, அவர் வரவை நோக்கிக் காத்துக் கிடக்கின்றன. இணையத்தில் தமிழ் இல்லை என்பது பழைய குறை. இணையத்தில் தமிழாசிரியர் இல்லை என்பதே இன்றைய குறை. அவர் செல்லாத இடத்தை அரைகுறையறிவினர் நிரப்புகின்றனர். மாணாக்கர் அவரைத் தேடிச் செல்கின்றனர். ஆகலின், வகுப்பறைக்கு உண்மையில் உதவுவன எவை, அவற்றை எவ்வாறு கையாளுதல் வேண்டும், எவற்றை ஐயுறுதல் வேண்டும் என்பன பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

முதற்கண் நூல்கள். கழக நூல்களும் காப்பியங்களும் கறையான் வாய்ப்பட்டுக் கிடந்த காலத்தில் தாமோதரனாரும் சாமிநாதரும் ஊரூராய் அலைந்து ஏடு தேடினர். 1887-இல் கலித்தொகையும் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சேறின. ஓலையினின்று தாளுக்கு வந்த அச்செல்வம், தாளினின்று திரைக்கு வந்தது 1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தால். அதனை முன்னின்று தொடங்கிய கலியாணசுந்தரனார் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியல் அறிஞர். தமிழ்ப் புலவர் அல்லர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர், தத்தம் அலுவல் முடிந்து வீடு திரும்பியபின், ஒரு காசும் பெறாமல், எழுத்தெழுத்தாக உள்ளிட்டு, ஒருவர் உள்ளிட்டதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்துப் பல நூறு நூல்களை ஏற்றிவைத்தனர். ஆளுக்கொரு பொறியியலும் மருத்துவமும் கற்றவர் தமிழுக்குச் செய்த இத்தொண்டில், தமிழால் ஊதியம் பெறுவோர் பங்கு எவ்வளவு என்று கணக்கெடுத்தால் தலை குனிய நேரும். அது நிற்க.

மதுரைத் திட்டத்தின் நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிறர்க்கும் வழங்கலாம். நூலின் முகப்புக் குறிப்பை மட்டும் நீக்காமல் வைத்தல் வேண்டும். ஆசிரியர்க்கு இதனால் உண்டாகும் பயன் பெரிது. பாடநூலில் ஒரு பாட்டு மட்டுமே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளை எடுத்துக் காட்டினாலன்றிப் புலவன் உள்ளம் விளங்காது. முன்பெல்லாம் அதற்கு முழுநூல் வாங்க வேண்டும். இன்று அரை மணித்துளியில் எடுக்கலாம். ஆனால் ஒன்று: கையால் உள்ளிட்ட நூலாதலின் எழுத்துப் பிழைகள் இல்லாமற் போகா. வினாத்தாளில் ஒரு பாட்டை அச்சிடுமுன் நல்ல பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். றகரம் ரகரமாய்ப் போன பாட்டைக் கொடுத்து விட்டுப் பிள்ளைகளிடம் பிழையின்றி எழுதக் கேட்பது முறையாகாது.

மூலம் கிடைத்தது, உரை வேண்டாமா? 2001-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரால் தோன்றி, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய அரசு நிறுவனத்தின் நூலகத்தில், மூலத்தோடு உரையும் சேர்த்துப் படிக்கலாம். அகரமுதலிகளும் கலைச்சொல் தொகுதிகளும் அங்குண்டு. அந்நிறுவனமே நடத்தும் தமிழ் மின்னூலகத்தில் பழம் பதிப்புகளையும் இதழ்களையும் ஓலைச்சுவடிகளையும் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து வைத்துள்ளனர். ஓலைச்சுவடி எப்படியிருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சலித்த ஆசிரியர், புள்ளியில்லாமல் ஓடும் அவ்வெழுத்தைப் பிள்ளைகட்குக் காட்டட்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டில் தோன்றாமையால் பதிப்பாசிரியர் பட்ட பாடு என்னவென்பது, ஒரே ஒரு படத்தால் விளங்கிவிடும்.

இனி, தேடல் என்பது பற்றி. இதுவே பொத்தகத்தால் இயலாததும் இணையத்தால் மட்டுமே இயல்வதும் ஆம். பேராசிரியர் பாண்டியராசா அமைத்துள்ள தமிழ் இலக்கியத் தொடரடைவுத் தளத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தால், அச்சொல் இன்ன நூலில் இன்ன அடியில் வருகின்றதென வரிசையாய்க் காணலாம். ஒரு புலவர் தம் வாழ்நாளெல்லாம் நினைவில் தேக்கி வைத்த அறிவு, இன்று முதலாண்டுப் பயிற்சி ஆசிரியர்க்கும் கைகூடுகின்றது.

இதனை வகுப்பில் எவ்வாறு பயன்படுத்துவது? ஓர் எடுத்துக்காட்டு. திருக்குறளில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் இல்லை என்பது கற்றோர் அறிந்த செய்தி. அதனை ஆசிரியர் தாமே சொல்லிவிடாமல், “தேடிப் பாருங்கள்” என்று பிள்ளைகளை ஏவட்டும். நூல் முழுதையும் திறந்து ‘மிழ்’ என்று தேடினால், ‘அமிழ்தம்’ வரும்; ‘அமிழ்தினும்’ வரும்; பறவை பிடிக்கும் வேடனைப் பற்றிய குறளிற் ‘சிமிழ்’ வரும்; ‘தமிழ்’ மட்டும் வாராது. அப்பொழுது ஒரு பிள்ளை கேட்கும்: “ஏன் ஐயா வள்ளுவர் தமிழைப் பற்றிச் சொல்லவில்லை?” அக்கேள்வி பிறந்துவிட்டால் அன்றைய பாடம் தானே நடக்கும். அதே போன்று ‘கடவுள்’ என்னுஞ் சொல்லையும் தேடச் சொல்லலாம்; அதிகாரத் தலைப்பில் உண்டு, குறட்பாவினுள் இல்லை.

இத்தேடலில் ஒரு தடையுண்டு. அதனை அறியாதார் பொய்ம்முடிவுக்கு வந்துவிடுவர். பழம்பாட்டுகளைச் சீர் பிரித்து அச்சிடுவது மரபாதலின், ஒரு சொல்லே இரு சீர்களிற் பிளவுண்டு கிடக்கும். மேற்சொன்ன ‘சிமிழ்த்தற்று’ என்பதே ‘சிமிழ்த்’ என்று ஒரு சீரிலும் ‘தற்று’ என்று அடுத்த சீரிலும் நிற்கின்றது. முழுச்சொல்லை இட்டுத் தேடுவார்க்கு அஃது அகப்படாது. புணர்ச்சியில் எழுத்துத் திரிந்த சொல்லும் அப்படியே: ‘பொன்’ என்று தேடினால் ‘பொற்’ என நிற்பது வாராது. எனவே சொல்லின் மாறாத பகுதியை மட்டும் இட்டுத் தேடல் வேண்டும். வகையுளியும் மெய்திரிதலும் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவனுக்கு இதனினும் கண்கூடான விடை கிடைப்பது அரிது. பொறிக்கு இலக்கணந் தெரியாது; இலக்கணந் தெரிந்தவனே பொறியை ஏவ முடியும்.

இப்பொழுது, உட்கார்ந்துவிட்ட அந்தச் சிறுவனிடம் திரும்புவோம்.

சொல்லுக்குப் பிறப்புக் காணப் புகுவார் முதலில் எடுப்பது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த அது, நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இன்று சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகரமுதலித் தளத்தில் முழுமையாய்க் கிடைக்கின்றது. ஆறு மடலம் வாங்க முடியாத பள்ளிக்கு இது பெருங்கொடை. பொருளறியவும், இன்ன நூலில் இப்பொருளில் வந்தது என்னும் மேற்கோள் காணவும் இதனைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் சொற்பிறப்புக்கு இதனை மட்டும் நம்புதல் ஆகாது. நல்ல தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலங் காட்டும் குற்றம் இதன்கண் உண்டென்பதைப் பாவாணர் 1961-இல் தனி நூலாகவே எழுதி எடுத்துக்காட்டினார். இணையத்தில் எங்கெங்கோ ‘இது வடசொல்’ என்று எழுதி வைத்திருப்பார் பலர், இப்பேரகராதியின் குறிப்பைப் பார்த்தோ, அதனைப் பார்த்து எழுதினாரைப் பார்த்தோ எழுதியவரே ஆவர்.

அதே சிகாகோத் தளத்தில் மற்றொரு நூலும் உள்ளது. பரோ, எமனோ என்னும் மேனாட்டறிஞர் இருவர் தொகுத்த திரவிட மொழிச் சொற்பிறப்பகராதி அது. 1961-இல் முதற் பதிப்பும், 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் வந்தன. அதில் ‘நீர்’ என்னுஞ் சொல்லைப் பார்த்தால், மலையாளத்தில் நீர், கன்னடத்தில் நீர், தெலுங்கில் நீரு என்று இனமொழி வடிவங்கள் அணிவகுத்து நிற்கும். எமனோ அமெரிக்க மொழியறிஞர். பரோவோ, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராய் இருந்தவர். தமிழர்க்கு உறவினர் அல்லர், தமிழியக்கத்தார் அல்லர். அவரே 1955-இல் வெளியிட்ட சமற்கிருத மொழி பற்றிய நூலில், வடமொழியிலுள்ள ‘நீர’, ‘மீன’ ஆகியவற்றைத் திரவிடத்தினின்று சென்ற கடன்சொற்களாகவே கொண்டார். இருக்கு வேதத்தில் நீரைக் குறிக்க வருவன ‘ஆப’, ‘உதக’ முதலிய வேறு சொற்களே. இவ்வளவையும் கரும்பலகையில் ஐந்து வரியில் எழுதிக் காட்டினால், அம்மாணவன் தன் கைப்பேசியை எடுத்து மறுமுறை பார்ப்பான். முன்னர்ப் பார்த்த பக்கத்தில் சான்று ஏதேனும் உண்டா என்றுந் தானே தேடுவான். அப்பழக்கம் ஒன்று வந்துவிட்டாற் போதும். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

ஒரு குறிப்பு: இவ்வகராதியிற் சொற்கள் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. முதலில் சற்று இடர்ப்பாடாய்த் தோன்றும். நெட்டெழுத்தின் மேற்கோடும், றகர ளகரங்களின் அடிக்குறியும் ஒருநாட் பழகினால் கைவந்துவிடும். இன்னொன்று: இவர்கள் முடிபே முடிந்த முடிபென்று கொள்ளவும் வேண்டா. பாவாணர் கண்ட வேர்கள் பலவற்றை இவர்கள் காணவில்லை. பாவாணர் கொண்ட சிலவற்றை இவர்கள் கொள்ளவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டி, எது எதனாற் பொருந்துகின்றதென்று பிள்ளைகளை எண்ணச் செய்தலே கற்பித்தல். சான்று கேட்பாரிடம் தமிழ் அஞ்ச வேண்டியதில்லை.

1974-இல் பாவாணர் இயக்குநராய் அமர்ந்து தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியின் முதற்பகுதி அச்சேறியது 1985-இல். அதனைக் காண அவர் இல்லை. 1981 சனவரியில், மதுரை உலகத் தமிழ் மாநாட்டுக்குச் சென்றவிடத்து நோயுற்று மறைந்தார். அவர் தொடங்கிய பணி 2011-இல் முப்பத்தொரு பகுதிகளாய் நிறைவுற்றது. அவ்வகரமுதலித் திட்டத்தை நடத்தும் அரசு இயக்ககமே ‘சொற்குவை’ என்னுந் தளத்தையும் நடத்துகின்றது. அன்றாடம் வாயில் புகும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்னவென்று பிள்ளை கேட்கும்பொழுது, “பிறகு சொல்கிறேன்” என்று மழுப்பாமல் அங்குப் பார்த்துச் சொல்லலாம். அங்குள்ளன அனைத்தும் நாவுக்கு எளியன என்று சொல்வதற்கில்லை. சில சொற்கள் வகுப்பறை வாயிலைத் தாண்டா. எது தாண்டும் என்று அறிபவர் ஆசிரியரே. அச்சொற்களை எடுத்து நாள்தோறும் தாமே வழங்கினால் போதும்.

ஈழத்தமிழர் செய்துள்ள பணியைச் சொல்லாமல் கடத்தல் நன்றியன்று. 1981-ஆம் ஆண்டு மே இறுதியும் சூன் தொடக்கமுமாகிய அந்நாளில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீக்கிரையாக்கினர். ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறவியலாச் சுவடிகளும் சாம்பலாயின. எரிந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. அத்தீயை மறவாத தலைமுறை 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கியது. நூல், இதழ், நாளேடு, விழாமலர், நினைவுமலர் என்று எது கைக்குக் கிடைப்பினும் படமெடுத்து ஏற்றுகின்றனர். பழைய பள்ளிப் பாடநூல்களும் அங்குள. ஒரே தமிழ் கடலுக்கு அப்பால் எவ்வாறு கற்பிக்கப்பட்டதென்று காண விழையும் ஆசிரியர், அவற்றுள் ஒன்றை எடுத்து நம் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எரிக்கவொண்ணா இடத்தில் நூலை வைத்தல் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஒருவர் இறக்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு படியும் அந்நோக்கத்துக்கு அரண்.

எழுதும் முறை பற்றியும் ஒன்று கூற வேண்டும். தமிழாசிரியர் பலர் தமிழைக் கைப்பேசியில் எழுதும்பொழுது ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழெழுத்தை வரவழைக்கின்றனர். ‘அம்மா’ என்று எழுத ஆங்கில எழுத்து ஐந்தாறு தட்டுகின்றனர். உள்ளத்திலெழுந்த தமிழ் உரோமன் எழுத்தாய் மாறி, மீண்டும் தமிழாய் வெளிவருகின்றது. தமிழாசிரியரே இவ்வாறு செய்தால், பிள்ளை நேரே ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிட்டுப் போவதை எவ்வாய் கொண்டு தடுப்பது?

1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை தமிழிலக்கண வழியே அமைந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் புறம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் புறம். ககரத்தை அழுத்தி ஆகாரத்தை அழுத்தினால் ‘கா’ ஆகும்: மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறத்தலைப் பிள்ளை தன் விரலாலேயே காணும். ககரத்தை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதற் ககரம் தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகிவிடும். அதுமட்டுமன்று; ஙகரத்தின்பின் ககரமும், ஞகரத்தின்பின் சகரமும், ணகரத்தின்பின் டகரமும், நகரத்தின்பின் தகரமும், மகரத்தின்பின் பகரமும், னகரத்தின்பின் றகரமும் வரின், முன்னின்ற மெல்லினம் கேளாமலே புள்ளி பெறும். இஃது என்ன? இனவெழுத்து! ஆறாம் வகுப்பிற் பிள்ளைகள் நெட்டுருப் போட்டுத் துன்புறும் அதே இனவெழுத்து. இரு ககரத்துக்கும் புள்ளியின்றிக் ‘கக’ என எழுத விழைந்தால், முதற் ககரத்தின்பின் அகரத்தை அழுத்துதல் வேண்டும். ‘க’ என்பது ககர மெய்யும் அகர உயிரும் சேர்ந்ததே என்பதை இதனினும் தெளிவாய் எந்தப் பாடநூல் சொல்லும்? பள்ளியில் கணினி ஒன்றேனும் இருந்தால், இலக்கண வகுப்பை ஒருநாள் அதன்முன் நடத்திப் பார்க்கலாம். கிழமை ஒன்று பழகினாற் கைவரும் செயலுக்கு, அகவை ஐம்பது தாண்டியோர் அஞ்ச வேண்டியதில்லை.

பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த வினாத்தாள்களையும் குறிப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் நன்று. அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருவில் உள்ளது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும், தேடலுக்கும் அகப்படாது. இருபதாண்டு உழைப்பு யாருக்கும் உதவாமற் கிடப்பது அதனாற்றான்.

அரசு தருவனவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமாய் ஒரு குறியீடு அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதனைக் கைப்பேசியாற் படம்பிடித்தால் பாடந்தொடர்பான காட்சி திறக்கும். பாடநூல்களையே மின்னூலாகவும் இறக்கலாம். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. இவற்றுள் நல்லனவும் உண்டு, வெறும் ஒப்புக்குச் செய்தனவும் உண்டு. ஆசிரியர் முன்னரே ஒருமுறை பார்த்து விட்டு வகுப்பிற் காட்டுக. பாடத்தைப் பேசுவார் ஒலிப்பில் லகர ளகர ழகரம் ஒன்றாய்க் கிடக்குமாயின், அக்காட்சியைக் காட்டாமல் விடுதலே பிள்ளைகட்குச் செய்யும் நன்மை.

“எங்கள் பள்ளியில் இணைப்பே இல்லையே, எல்லாப் பிள்ளைகளிடமும் கைப்பேசி இல்லையே” என்று சொல்வார் உண்டு, சொல்வது மெய்யே. 2020-இல் கொரோனாத் தொற்றாற் பள்ளிகள் மூடிய காலத்தில், கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பையே விட்டது. அதனால்தான், இவையெல்லாம் ஆசிரியர்க்குரிய கருவி என்றே இங்குப் பேசப்படுகின்றன. மாணவர் கையிற் பொறியைத் திணிக்குமாறு கூறப்படவில்லை. ஆசிரியர் ஒருவரிடம் ஒரு கைப்பேசி போதும். இரவில் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம். வேண்டும் பக்கத்தை ஒரு தாளில் படியெடுக்கலாம். அதுவும் இயலாதாயின் கரும்பலகையில் எழுதலாம். கற்பிக்கும் பொருள் சிறந்ததாயின் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் எவ்வகையினுந் தாழ்ந்தன அல்ல.

இனி ஐயுற வேண்டியன. முதலாவது பொறி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத் தொடரின்மேல் தமிழ்ச்சொற்களைப் போர்த்தி அது தருகின்றது. “இந்நூல் இளங்கோவடிகளால் எழுதப்பட்டது” என்று அது எழுதும்; “இந்நூலை இயற்றியவர் இளங்கோவடிகள்” என்பதன்றோ தமிழ்? எழுவாய் எங்கோ, பயனிலை எங்கோ கிடக்கும் அத்தொடர்கள் கட்டுரைப் போட்டிகளிலும், ஏன், சுற்றறிக்கைகளிலும் ஏறிவிட்டன. பிள்ளை அதனைப் பார்த்தெழுதிக் கொண்டு வந்தால், சிவப்பு மையால் அடித்துத் தள்ளாமல், அத்தொடரையே பலகையில் எழுதி, “இதனை உன் பாட்டி எப்படிச் சொல்லுவாள்?” என்று கேட்பது நன்று. பெரும்பாலும் விடை நல்ல தமிழில் வந்துவிடும்.

இரண்டாவது, 2022-இன் இறுதி முதற் பரவிவரும் செயற்கை நுண்ணறிவு உரையாடு பொறிகள். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லும். தெரியாததையும் தெரிந்ததுபோற் சொல்லும். நட்பைப் பற்றி ஒரு குறள் கேட்டால், வள்ளுவர் பாடாத குறளைத் தானே புனைந்து, அதற்கு எண்ணும் இட்டுத் தருவதுண்டு. பட்டிமன்றத்துக்கு அணியமாகும் பிள்ளை அதனை அப்படியே மேடையில் முழங்கினால், நாணவேண்டியவர் யார்? ஆயினும் இப்பொய்யிலும் ஒரு பாடம் உண்டு. அக்குறளைப் பலகையில் எழுதி, அலகிட்டுப் பார்க்கச் சொல்லுக. முதலடி நாற்சீராய், இரண்டாமடி முச்சீராய் அமைந்ததா? வெண்டளை பிறழாமல் வந்ததா? ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டுள் அடங்கிற்றா? பொறி புனைந்த போலி பெரும்பாலும் இரண்டாஞ் சீரிலேயே தளை தட்டி விழும். தப்பித் தளை பொருந்தினாலும், 1330 குறளும் அடங்கிய நூல் கையிலிருக்க அஞ்சுவானேன்? யாப்பிலக்கணம் செத்த பாடம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள், பொய்யைப் பிடிக்கும் கருவியாய் அதனைக் காணும்பொழுது அவர்கள் முகம் மலர்வதைக் காண வேண்டும்.

இறுதியாக, எடுத்தல் மட்டுமே போதுமா? கொடுத்தலும் வேண்டுமன்றோ? அதற்குரிய இடம் தமிழ் விக்கிமூலம். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாய்ப் பெற்று அங்கு ஏற்றியுள்ளனர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருபால் அச்சுப் பக்கத்தின் படமும், மற்றொருபால் பொறி அதனைப் படித்தெழுதிய எழுத்தும் நிற்கும். பொறி தவறாகவே படிக்கின்றது: காலை ரகரமாக்கும், ரகரத்தைக் காலாக்கும், 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, றா முதலியவற்றின் பழவடிவங்களைக் கண்டால் ஏதேதோ எழுதிவைக்கும். அதனைத் திருத்தப் பழவடிவம் பழகிய கண் வேண்டும். சந்தி அறிந்த உள்ளம் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே உடையார் தமிழ்நாட்டில் தமிழாசிரியரன்றி வேறு யார்?

திருத்தாத பக்கம் அங்குச் சிவப்பாய் நிற்கும். ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சளாகும். மற்றொருவர் மீண்டும் பார்த்து ஒப்பினாற் பச்சையாகும். ஒருவரே இரண்டையும் செய்யத் தளம் இடந்தராது. ஆகவே இது தனியொருவர் முடிக்கும் வேலையன்று. இக்கூடலில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் ஒரு நூலைத் தேர்ந்துகொள்ளலாம். இவர் இரவுக்கு ஒரு பக்கம் மஞ்சளாக்க, அவர் மறுநாள் அதனைப் பச்சையாக்கலாம். இருநூறு பக்க நூலாயின் ஓராண்டு முடியுமுன் அது பிழையற்ற தமிழாய்த் தேடலுக்கு வந்துவிடும். சிவப்பாய் நிற்கும் பக்கங்கள் இன்னும் பல்லாயிரம் உள்ளன. உள்நுழைய ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும், கட்டணம் இல்லை.